பல் இல்லாத ஊறுகாய்

(தலைப்பு: ஒரு திரைப்படத்தைத் தாங்கி நிற்பது கதாநாயகனா, குணச்சித்திர நடிகரா? "குணச்சித்திர நடிகரே" என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, பெரியவங்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். குடுத்திருக்கிற நேரம் கொஞ்சம். வணக்கத்துலயே பாதி போயிடுச்சுன்னா ஊறுகாய்க்கு நேரம் இருக்காது.

ஊறுகாய் எங்கிருந்து வந்துச்சுன்னு பிந்தி வந்தவங்க யோசிப்பீங்க. எனக்கு முன்னாடி பேசின எதிரணிப் பேராசிரியர் ஐயா போட்ட ஊறுகாய் அது. என்ன சொன்னாரு? "குணச்சித்திர நடிகர்ங்கிறவர் இலையோரத்துல வைக்கிற ஊறுகாய். தொட்டுக்கலாம். ஊறுகாயை மட்டும் வச்சுப் பந்தி நடத்த முடியுமா?" சரி, அதோட விட்டாரா? "எங்க பக்கம் ஹாலிவுட் நாயகர்கள் கேரி கூப்பர், ஜான் வெய்ன், ஹம்ப்ரி போகார்ட். உங்க பக்கம் யாரு? வால்டர் பிரென்னன். பல்லே இல்லாத கிழவர். அவரை வச்சு எங்க ஆளுங்களைக் கடிக்கப் போறீங்களா?" அப்படின்னு கேட்டுட்டு உட்கார்ந்தாரு. நீங்களும் கைதட்டினீங்க. மூணாவது வரிசையில கொஞ்சம் பலமாவே தட்டினாங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

தலைப்புக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பல்.

பிரென்னன் 1894 ஜூலை 25, மாசசூசெட்ஸ் மாநிலத்துல லின்ங்கிற ஊர்ல பிறந்தவர். முதல் உலகப்போர்ல பிரான்ஸ் போய் பீரங்கிப் படையில இருந்துட்டு வந்தாரு. கலிஃபோர்னியாவுல நிலம் வாங்கி வித்தாரு, காசு வந்துச்சு, வந்த காசு வந்த வழியிலயே போயிடுச்சு. 1925-ல வேற வழியில்லாம யுனிவர்சல் ஸ்டுடியோ வாசல்ல எக்ஸ்ட்ராவா போய் நின்னாரு. ஒரு நாளைக்கு 7 டாலர் 50 சென்ட். நாயகன் தெருவுல நடந்து வந்தா, பின்னாடி மூட்டை தூக்கிட்டுப் போறவர். நாயகன் குடிக்கப் போனா, மூலை மேஜையில தலை கவுந்து கிடக்கிறவர். 1932-ல ஒரு சண்டைக் காட்சி எடுக்கும்போது முகத்துல அடிபட்டு பல்லெல்லாம் போச்சுன்னு சொல்வாங்க. முப்பத்தெட்டு வயசு. கட்டுப் பல் போட்டுக்கிட்டாரு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இதே அடி கேரி கூப்பர் வாயில விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? படப்பிடிப்பு நிக்கும். பல் டாக்டர் ஓடி வருவாரு. இன்ஷூரன்ஸ்காரன் வருவான். தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்காருவாரு. ஏன்னா நாயகனோட முகம் அவரோட முகம் இல்ல. அது கம்பெனியோட முதலீடு. பிரென்னன் பல் போனதுக்கு யாராவது நெஞ்சைப் பிடிச்சாங்களா? ஒருத்தரும் பிடிக்கல. பிடிக்காததுதான் அவருக்கு யோகம்!

1935-க்கு வர்றேன். சாமுவேல் கோல்ட்வின் கம்பெனி 'பார்பரி கோஸ்ட்'னு ஒரு படம் எடுக்குது. இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ். அந்தப் படத்துல 'ஓல்ட் அட்ராசிட்டி'னு ஒரு பாத்திரம், சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துல திரியிற ஒரு அழுக்குக் கிழவன். அதுக்கு ஆள் தேடுறாங்க. பிரென்னனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துறாங்க. இதுக்கு மேல நடந்ததை ஹாக்ஸ் பிற்காலப் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. ஹாக்ஸ் கதை சொல்ல ஆரம்பிச்சா கொஞ்சம் மசாலா தூவுற ஆளு, அது உலகத்துக்கே தெரியும். ஊறுகாய்க்கு மசாலா இருந்தா தப்பில்ல.

ஹாக்ஸ் பாக்குறாரு. பாத்ததுமே சிரிப்பு வருது. அடக்கிக்கிட்டு, "மிஸ்டர் பிரென்னன், உங்களுக்கு வசனம் குடுத்தாங்களா?"ன்னு கேக்குறாரு.

"குடுத்தாங்க."

"மனப்பாடமா?"

"மனப்பாடம். வச்சுக்கிட்டா, எடுத்துட்டா?"

"எதை?"

"பல்லை."

ஹாக்ஸ் விழுந்து விழுந்து சிரிச்சாராம். "எடுத்துட்டே சொல்லுங்க"ன்னாராம். பிரென்னன் அந்தப் பக்கம் திரும்பினாரு, பல்லைக் கழட்டினாரு, இந்தப் பக்கம் திரும்பினாரு. திரும்பினது வேற ஆளு. வசனம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வேலை கிடைச்சுடுச்சு. மூணு நாள் வேலைன்னு வந்தவரை ஆறு வாரம் வச்சுக்கிட்டேன்னு ஹாக்ஸ் சொல்றாரு.

நடுவர் அய்யா, நீங்க அப்ப தண்ணி குடிச்சுட்டு இருந்தீங்க. முக்கியமான இடம், விட்டுடக் கூடாது. இன்னொரு தடவை சொல்றேன். "மனப்பாடமா?" "மனப்பாடம். வச்சுக்கிட்டா, எடுத்துட்டா?" இந்த ஒரு கேள்வியில என்னோட மொத்த வாதமும் இருக்கு. வேலை தேடி வந்தவன் பொதுவா என்ன கேப்பான்? "சம்பளம் எவ்வளவு?"ன்னு கேப்பான். இவரு, "உங்களுக்கு எந்த ஆள் வேணும்? என்கிட்ட ரெண்டு பேர் இருக்காங்க"ன்னு கேக்குறாரு! ஜான் வெய்ன்கிட்ட போய் "ஐயா, இந்தப் படத்துல மூக்கை வச்சுக்கிட்டா, எடுத்துட்டா"ன்னு கேட்டுப் பாருங்க. கேட்டவர் மூக்கு இருக்காது.

பல்லை எடுத்தா சும்மா கிழவன் வந்துடுவான்னு நினைக்காதீங்க. இது ஒரு தொழில், இதுல நுணுக்கம் இருக்கு. மேல் கட்டுப் பல்லை எடுத்ததும் மேலுதடு உள்ள மடங்கும். கன்னம் ரெண்டும் குழி விழும். கீழ்த்தாடை தாங்கல் இல்லாம மேல ஏறி, முகவாய் மூக்கைத் தொடப் போகும். முகமே ஒரு விரக்கடை குட்டையாயிடும். ஒப்பனைக்காரர் ரெண்டு மணி நேரம் கோடு கோடா வரைஞ்சாலும் வராத கிழத்தனம் ரெண்டு நொடியில வந்துடும். இதெல்லாம் லாபம். நஷ்டம் என்ன? பேச்சு. நாக்கு முட்டுறதுக்குப் பல் இல்லைன்னா 'த' வழுக்கும், 'ஸ' காத்தாப் போகும், 'ஃப' உதட்டோட நின்னுடும். பேசும் படம் வந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகுது. மைக் இன்னிக்கு மாதிரி சட்டைப் பொத்தான் அளவுல இல்ல, தலைக்கு மேல கம்புல தொங்குது. அதுக்குக் கீழ பல் இல்லாம ஒருத்தர் பேசி, கொட்டகையில கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் புரியணும்னா, மெய்யெழுத்தை ஒவ்வொண்ணாப் பிடிச்சு உட்கார வைக்கணும். பிரென்னன் பேச்சைக் கேட்டா, குழறுற மாதிரியே இருக்கும். ஒரு வார்த்தை தவறாது. அந்தக் கீச்சுக் குரல், இழுக்குற இழுப்பு, நடுவுல மூச்சு வாங்குறது, எல்லாம் அளந்து வச்சது.

இன்னொண்ணு. படத்தைக் கதை வரிசைப்படி எடுக்க மாட்டாங்க. காலையில கடைசிக் காட்சி, மத்தியானம் முதல் காட்சி. பல் எதுல இருந்துச்சு, எதுல இல்லங்கிறது ஒரு தடவை மாறிப் போச்சுன்னா, வெட்டி ஒட்டும்போது கிழவனுக்குப் பல் முளைக்கும், அடுத்த நொடி விழும், திரும்ப முளைக்கும். நொண்டுறதும் அப்படித்தான். 'ரியோ பிராவோ'வுல அவருக்குக் கால் ஊனம். எந்தக் காலுன்னு பல வாரம் மறக்காம நொண்டணும். அவசரத்துல ஓடி வர்ற காட்சியிலும் நொண்டணும், உட்கார்ந்து எந்திரிக்கும்போதும் அந்தக் கால்தான் பின்தங்கணும். நாயகனுக்கு இந்தக் கவலை உண்டா? ரெண்டு காலும் நல்லா இருக்கு, நடந்து வந்தா போதும்.

இப்ப ஊறுகாய்.

பேராசிரியர் ஐயா, நீங்க ஊறுகாய்னு சொன்னதை நான் மறுக்கவே போறதில்ல. முழுசா ஏத்துக்குறேன். ஆனா நீங்க ஊறுகாய் சாப்பிட்டிருக்கீங்க, போட்டதில்ல. இங்க இருக்கிற அம்மாமார்களைக் கேளுங்க. சோறு அரை மணி நேரத்துல வெந்துடும். ஊறுகாய் ஊறணும். வெட்டணும், உப்புப் போடணும், ஜாடியில கட்டி வைக்கணும், தினம் குலுக்கணும், வெயில்ல வைக்கணும், ஈரக் கை படக் கூடாது, அவசரப்பட்டா பூஞ்சை பிடிக்கும். ஒரு நாயகனை ஒரே படத்துல பண்ணிடலாம். நல்ல உயரம், நல்ல முகம், நல்ல வெளிச்சம், முடிஞ்சுது. பிரென்னன் 1925-லிருந்து 1935 வரைக்கும் பத்து வருஷம் ஜாடிக்குள்ள உப்புல கிடந்தாரு. 1933-ல வந்த 'தி இன்விசிபிள் மேன்' பாத்தீங்கன்னா, கண்ணுக்குத் தெரியாத மனுஷன் ஒருத்தரோட சைக்கிளைத் தூக்கிட்டுப் போவான் பாருங்க, அந்த சைக்கிள்காரர் இவருதான். அவனைக் கண்ணுக்குத் தெரியாது, இவரைப் பேர்ப் பட்டியல்ல தெரியாது. அப்படி ஊறின ஊறல்தான் 1936-ல மணக்க ஆரம்பிச்சுது.

என்ன மணம்? துணை நடிகருக்குன்னு ஆஸ்கர் விருது முதல் முதலா வச்சதே 1936-ம் வருஷப் படங்களுக்குத்தான். அதை முதல் முதலா வாங்கினவர் வால்டர் பிரென்னன். படம் 'கம் அண்ட் கெட் இட்'. மரம் வெட்டுற ஸ்வீடன் தேசத்துக்காரன் வேஷம். அந்தப் படத்தை ஆரம்பிச்சவர் ஹாக்ஸ், முடிச்சவர் வில்லியம் வைலர். நடுவுல இயக்குநரே மாறினாலும் ஊறுகாய் ருசி மாறல. 1938-ல 'கென்டக்கி', ரெண்டாவது விருது. 1940-ல 'தி வெஸ்டர்னர்', மூணாவது விருது. முதல் அஞ்சு வருஷத்துல மூணு. துணை நடிகர் பிரிவுல இன்னிக்கு வரைக்கும் மூணு வாங்கின ஆள் வேற கிடையாது. 1941-ல நாலாவது தடவையும் பரிந்துரையில பேர் வந்துச்சு, விருது டொனால்ட் கிரிஸ்புங்கிற நடிகருக்குப் போயிடுச்சு, போகட்டும்.

இந்த விருதுல ஒரு வேடிக்கை கேளுங்க. நாயகனுக்கு அந்தத் தங்கச் சிலை. துணை நடிகருக்கு? ஒரு பலகை! பலகையில சின்னதா ஒரு சிலை உருவம் ஒட்டியிருக்கும். 1943-ம் வருஷப் படங்களுக்குக் குடுக்கும்போதுதான் துணை நடிகர்களுக்கும் முழுச் சிலை குடுக்க ஆரம்பிச்சாங்க. நம்மாளு வாங்கின மூணும் பலகைதான். இலையோரத்துல வைக்கிறதுங்கிறது இதுதான் ஐயா. பந்தி பரிமாறினவன் புத்தி அது, ஊறுகாயோட குத்தமில்ல.

எதிரணித் தங்கச்சி ஒருத்தர், "அப்ப எக்ஸ்ட்ராக்களுக்கும் ஆஸ்கர்ல ஓட்டு இருந்துச்சு, அவங்க ஆளுன்னு போட்டுட்டாங்க"ன்னாங்க. அப்படி ஒரு பேச்சு ஹாலிவுட்ல உண்டு, நான் மறைக்கல. ஆனா அம்மா, யார் ஓட்டு அது? நாயகன் பின்னாடி மூட்டை தூக்கிட்டு நடந்தவங்க ஓட்டு. கேமராவுக்குப் பின்னாடி என்ன நடக்குது, யார் நிஜமா வேலை செய்யுறாங்கன்னு நாள் பூரா நின்னு பாத்தவங்க ஓட்டு. அதைவிட நல்ல நடுவர் உண்டா? (நடுவர் அய்யா, உங்களைத் தவிர.)

சரி, 'தி வெஸ்டர்னர்'. இந்தப் படத்தை எதிரணி தொட்டிருக்கவே கூடாது, தொட்டுட்டாங்க. படத்தோட பேரே நாயகனைத்தான் குறிக்குது. நாயகன் கேரி கூப்பர். பிரென்னனுக்கு என்ன வேஷம்? ஜட்ஜ் ராய் பீன். டெக்சாஸ்ல சாராயக் கடையையே கோர்ட்டா வச்சு நடத்துறவன். குடிக்கிற மேஜைதான் நீதிபீடம், தூக்குக் கயிறு எப்பவும் தயார். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம், லில்லி லாங்ட்ரிங்கிற இங்கிலாந்து நாடக நடிகை. நேர்ல பாத்ததே கிடையாது, கடை பூரா அவ படம். குதிரை திருடினான்னு கூப்பரைக் கூட்டிட்டு வர்றாங்க. தூக்குல போட வேண்டியதுதான் பாக்கி. கூப்பர் சுவத்துல இருக்கிற படத்தைப் பாக்குறாரு. "லாங்ட்ரியை எனக்குத் தெரியுமே, அவங்க கூந்தல்ல ஒரு கத்தை என்கிட்ட இருக்கு"ன்னு ஒரு போடு போடுறாரு. அப்ப பிரென்னன் முகத்தைப் பாக்கணும்! கொலைகாரன் முகம் அப்படியே இளகி, பள்ளிக்கூடப் பையன் முகமா மாறுது. நம்பவும் ஆசை, நம்பினா அவமானமோன்னு பயம், கேக்கக் கூச்சம். கூப்பர் உயிர் பிழைச்சது கூப்பரால இல்ல, அந்த முகத்தால.

இதை நான் சொல்லல, கூப்பரே சொன்னாரு! கதையைப் படிச்சுட்டு, "இது ஜட்ஜோட படம், எனக்கு இதுல என்ன வேலை"ன்னு நடிக்கத் தயங்கினவர் அவர். ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கோல்ட்வின் அவரை நடிக்க வச்சாரு. எதிரணியோட தலைமை சாட்சியே எங்க பக்கம் சாட்சி சொல்லிட்டுப் போயிட்டாரு. இதுக்கு மேல நான் எதுக்கு வாதாடணும்?

"கூப்பர் அமைதியா நின்னதாலதானே பிரென்னன் ஆட முடிஞ்சுது"ன்னு பேராசிரியர் முணுமுணுக்கிறது காதுல விழுது. நல்ல கேள்வி ஐயா. ரொம்ப நல்ல கேள்வி. நேரமில்லாததால அடுத்த படத்துக்குப் போறேன்.

1948-ல 'ரெட் ரிவர்'. ஹாக்ஸ் திரும்பக் கூப்பிடுறாரு. பல வருஷம் ஆச்சு, மனுஷன் பல்லை மறக்கல! "முதல் தடவை பாத்தப்ப வச்சுக்கிட்டா எடுத்துட்டான்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? இந்தப் படத்துல நீ உன் பல்லை ஒரு செவ்விந்தியர்கிட்ட சீட்டாட்டத்துல தோத்துடப் போற"ன்னாராம். பிரென்னன், "அதெல்லாம் செய்ய முடியாது"ன்னு மறுத்தாராம். படத்தைப் பாருங்க, அதேதான் நடக்குது. சமையல் வண்டி ஓட்டுற கிழவன் க்ரூட், குவோங்கிறவர்கிட்ட போக்கர் ஆடி, பந்தயத்துல கட்டுப் பல்லை விட்டுடுறான். குவோ பல்லைப் பையில போட்டுக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் குடுக்கிறார். தின்னுட்டுத் திருப்பிக் குடுத்துடணும்! ஆயிரக்கணக்கான மாடு, டெக்சாஸ்லிருந்து வடக்க ஓட்டிட்டுப் போற நெடும்பயணம், பாதி வழியில கலகம், ஜான் வெய்ன் ஒரு பக்கம், மான்ட்கமரி கிளிஃப்ட் ஒரு பக்கம். இவ்வளவு புழுதிக்கு நடுவுலயும் பல் எங்கங்கிற கேள்வி கூடவே வருது. இதுல எவ்வளவு பெரிய சௌகரியம் பாத்தீங்களா? பல் இருந்தா சாப்பாட்டு நேரம், இல்லன்னா மத்த நேரம். முன்னாடி சொன்ன வெட்டி ஒட்டுற தலைவலிக்கு மருந்தைக் கதைக்குள்ளயே வச்சாச்சு.

அந்தப் பல்லில்லாத வாய்தான் ஜான் வெய்னைப் பாத்து, "நீங்க செஞ்சது தப்பு"ன்னு சொல்லுது. துப்பாக்கி வச்சிருந்த இளவட்டமெல்லாம் எச்சில் முழுங்கிட்டு நிக்கும்போது, சோறு பொங்குற கிழவன் சொல்றான். பேராசிரியர் ஐயா, கடிக்கிறதுக்குப் பல் எதுக்கு? இன்னொரு சங்கதி, 'ரெட் ரிவர்' ரெண்டு வடிவத்துல ஓடுச்சு. ஒண்ணுல புத்தகத்துப் பக்கத்தைக் காட்டிக் கதை நகரும். இன்னொண்ணுல பின்னணியில ஒரு குரல் கதை சொல்லும். யார் குரல்? பிரென்னன் குரல். கதையைச் சொல்றவரே ஊறுகாய்தான்.

ஆனா ஒரேயடியா 'பாவம் நல்ல கிழவர்'னு நினைச்சுடாதீங்க. 1946-ல ஜான் ஃபோர்ட் எடுத்த 'மை டார்லிங் கிளமென்டைன்' பாருங்க. கிழட்டு கிளான்டன். பெத்த மகன்களைச் சாட்டையால விளாசுற தகப்பன். ஏன் அடிக்கிறான்? துப்பாக்கியை உருவிட்டு ஆளைச் சுடாம விட்டதுக்கு! கிச்சுக்கிச்சு மூட்டுற அதே குரல், அதே உடம்பு. சிரிப்பை மட்டும் எடுத்துட்டாரு. பல்லை எடுக்கிற மாதிரி. ஃபோர்டுக்கும் இவருக்கும் ஒத்துப் போகல, அதுக்கப்புறம் ஃபோர்ட் இயக்கத்துல இவர் நடிக்கவே இல்ல. நிஜ வாழ்க்கையில பிரென்னனோட அரசியல் கடுமையான வலதுசாரி அரசியல். அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரல, வாங்கவும் மாட்டேன். நான் வாதாடுறது திரையில இருக்கிற ஆளுக்கு.

கிழவர், கிழவர்னு எத்தனை தடவை சொன்னீங்க! வயசுக் கணக்கைப் பாருங்க. மூணாவது விருது வாங்கின படம் வந்தப்ப அவருக்கு 46. கூப்பர் அவரைவிட ஏழு வயசுதான் சின்னவர். 1944-ல 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' வந்தப்ப, போகார்ட் இவரைவிட அஞ்சு வயசுதான் இளையவர். அஞ்சே வயசு! அதே படத்துல போகார்ட் பத்தொன்பது வயசு லாரன் பகாலைக் காதலிக்கிறாரு. அவரைவிட அஞ்சு வயசு மூத்தவர் கை நடுங்குற குடிகாரக் கிழவனா கூடவே அலையறாரு. நாற்பது வயசுல யாராவது மனசார "எனக்குக் கிழவன் வேஷம் குடுங்க"ன்னு போய் நிப்பாங்களா? முடிக்கு மை அடிக்கிற வயசுய்யா அது!

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும். பிரென்னன் பேரு எடி. மார்ட்டினிக் தீவுல, போகார்ட்டோட படகுல வேலை. வேலைன்னு பேரு, குடிக்கிறதுதான் வேலை. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், செத்த தேனீ எப்பவாவது கொட்டியிருக்கான்னு ஒரு கிறுக்குக் கேள்வி கேப்பான். எல்லாரும் பேந்தப் பேந்த முழிப்பாங்க, இல்ல நகர்ந்து போயிடுவாங்க. பகால் மட்டும் ஒரு நொடி நின்னு, உனக்குக் கொட்டியிருக்கான்னு திருப்பிக் கேப்பாங்க. எடி முகம் மலரும். கிறுக்கனையும் மனுஷனா மதிச்சுப் பதில் பேசுறவ யாருன்னு அங்க தெரிஞ்சு போச்சு. நாயகி நல்லவன்னு நமக்கு அடையாளம் காட்டினது போகார்ட்டா? இல்ல, எடி.

முழுப் படத்துலயும் போகார்ட், "எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம், எவன் சண்டையும் வேண்டாம்"னு இருக்காரு. யுத்த காலம், தேசபக்தி, புரட்சி, எதுவும் அவரை அசைக்கல. கடைசியில போலீஸ்காரன் வந்து சொல்றான்: எடியைப் பிடிச்சு வச்சிருக்கோம், வாயைத் திறக்குற வரைக்கும் அவனுக்குச் சாராயம் குடுக்க மாட்டோம். அவ்வளவுதான். மேஜை டிராயருக்குள்ள துப்பாக்கி இருக்கு. டிராயரைத் திறந்து வெளிய எடுக்கக்கூட இல்ல, மேஜைப் பலகையைத் துளைச்சுக்கிட்டு அங்கிருந்தே சுடுறாரு போகார்ட். சுட்டுட்டு அவர் கை நடுங்கும். எதுக்கும் அசையாத நாயகன் யாருக்காக அசைஞ்சாரு? நாட்டுக்காகவா? ஒரு குடிகாரனுக்கு ஒரு வேளை சாராயம் கிடைக்காதேங்கிற ஒரே காரணத்துக்காக.

அதுல கடைசிக் காட்சி. பகால் பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கிட்டே வருவாங்க, போகார்ட் கையைப் பிடிச்சுப்பாரு, ரெண்டு பேரும் வெளிய போவாங்க. கொட்டகையில எல்லாரும் அவங்களைத்தான் பாப்பாங்க. பின்னாடி பெட்டியைத் தூக்கிட்டு எடி வருவான். பாட்டுத் தாளத்துக்கு ஒரு துள்ளல் துள்ளிக்கிட்டே வருவான். அந்தத் துள்ளலை யாரும் எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்க. 1925-ல யுனிவர்சல் ஸ்டுடியோவுல நாயகன் பின்னாடி மூட்டை தூக்கிட்டு நடந்தவரு, மூணு விருது வாங்கின அப்புறமும் நாயகன் பின்னாடி பெட்டி தூக்கிட்டுத்தான் நடக்குறாரு. ஆனா இந்தத் தடவை துள்ளிக்கிட்டு நடக்குறாரு.

முதல் மணி அடிச்சுட்டீங்க. தெரியுது. ஒரே ஒரு படம்.

1959, 'ரியோ பிராவோ'. ஜான் வெய்ன் ஷெரிஃப். கூட டீன் மார்ட்டின், பாடகர் ரிக்கி நெல்சன், நம்ம பிரென்னன். இதுல அவர் பேரு ஸ்டம்பி. கால் ஊனமான கிழவன், ஜெயிலுக்குள்ளயே உட்கார்ந்து கைதியைக் காவல் காக்கணும். வெளிய வரக் கூடாது. கடைசிச் சண்டைக்கும் "நீ வராதே"ன்னு விட்டுட்டுப் போறாங்க. வந்துடுறாரு. அங்க ஒரு வண்டி நிறைய டைனமைட். எதிரிகள் கட்டடத்துக்குள்ள பதுங்கியிருக்காங்க. ஸ்டம்பி ஒவ்வொரு குச்சியா எடுத்து வீசுறாரு, பறந்து போற குச்சியை ஜான் வெய்ன் சுடுறாரு, வெடிக்குது. கொட்டகை அதிருது. கைதட்டல் யாருக்கு? சுட்டவருக்கு. பேராசிரியர் ஐயா, வீசினது யாருய்யா? குறுக்க வீசினா சுட முடியாது, கிட்ட வீசினா இவங்களே காலி. மேலாக, வளைவா, அந்தக் கட்டடம் வரைக்கும் போற மாதிரி வீசினவன், நிக்கவே ஒரு கால் சரியில்லாதவன். அவன் வீசலைன்னா அவர் எதைச் சுடுவாரு? ஆகாசத்தையா?

அந்தச் சண்டைக்கு ரொம்ப முன்னாடி ஒரு சின்னக் காட்சி. ஜெயிலுக்குள்ள ஸ்டம்பி பெருக்கிட்டு இருக்காரு. ஒரே புலம்பல். "ராப்பகலா இங்கயே கிடக்கேன், ஒரு நல்ல வார்த்தை உண்டா, ஒரு நன்றி உண்டா"ன்னு. எந்த வீட்டுலயும் ஒரு பெரிசு இருக்கும், காலையில காபி குடிச்சதிலிருந்து ராத்திரி கதவு சாத்துற வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டு. நாம காதுல வாங்க மாட்டோம். வீட்டுல அந்தச் சத்தம் நின்னு போன அன்னிக்குத்தான் வீடு எவ்வளவு பெரிசுன்னு தெரியும். அந்த முணுமுணுப்புதான் அது.

ஜான் வெய்ன் வாசல்ல போறவர் நிக்கிறாரு. ஆறடி நாலங்குலம். திரும்பி வர்றாரு. "நீ சொல்றது சரிதான், நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்"கிற மாதிரி சொல்லிட்டு, குனிஞ்சு, அந்தக் கிழவனோட வழுக்கைத் தலையில ஒரு முத்தம் வைக்கிறாரு.

நாயகன் நாயகிக்கு முத்தம் குடுத்து ஆயிரம் படம் இருக்கு. ஜான் வெய்ன் குனிஞ்ச இடத்தை யோசிச்சுப் பாருங்க. பிரென்னனுக்கு அப்ப வயசு அறுபத்து நாலை நெருங்குது. 1957-லிருந்து 1963 வரைக்கும் டிவியில 'தி ரியல் மெக்காய்ஸ்'னு ஒரு தொடர்ல ஆறு வருஷம் தாத்தாவா நொண்டினாரு. 1962-ல ஒரு பாட்டுல பேசி, அது அமெரிக்கப் பட்டியல்ல அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. 1974 செப்டம்பர்ல, எண்பது வயசுல, நுரையீரல் நோயால போனாரு. அந்தக் கீச்சுக் குரலுக்கு மூச்சு குடுத்த நுரையீரல். ஆனா எனக்கு அவர் இன்னும் அந்த ஜெயில் அறையில, கையில விளக்குமாறோட, தலையைத் தடவிக்கிட்டு நிக்கிறாரு.

முத்தம் வாங்கின ஸ்டம்பி என்ன செஞ்சாரு தெரியுமா? கண்ணைத் துடைச்சாரா? நன்றி சொன்னாரா? வாசல் பக்கம் போற ஜான் வெய்னை, அந்த விளக்குமாறாலயே பின்பக்கத்துல ஒண்ணு வச்சாரு.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. பேராசிரியர் ஐயா, மைக் இந்தாங்க.